தேங்காய்ப்பூவும் சின்னப் புயலும்

என் கலியாணத்தன்று அடித்த பனிப்புயலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நான் சொல்வது, மற்றது அம்மா சொல்வது. இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரரிடம் வாக்கெடுப்பு நடத்தினால் அம்மாதான் பெருவாரியாக வெல்வார்.

அம்மாவின் காரணத்துக்கு ஒரு தேங்காயும் ஒரு திருவலையும் போதும். அவர் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவும்போது நான் பக்கத்தில் இருந்து பூவை அள்ளி அள்ளி வாயில் போடுவேன். தேங்காய்ப்பூ தின்னும் பெண்பிள்ளையின் கலியாணத்தன்று மழை கொட்டும் என்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் எல்லோரும் சொல்வார்கள். மற்றவர்கள் தேங்காயைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்கள். அம்மா உண்மையாகவே நம்பிச் சொன்னார். எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் ஜேர்மனிக்கு வந்தோம். திருவலை ஒரு சித்தப்பாவின் பெட்டியில் பின்னால் வந்து சேர்ந்தது. பிறேமர்ஹாஃபன் என்ற கடற்கரை ஊரில், நாலாம் மாடிக் குசினியில், வெளியே பாதி வருடம் மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே அம்மா என் கையைத் தட்டிவிடுவார்.

"தின்னாதை. உன்ரை கலியாணத்தண்டைக்குக் கொட்டப்போகுது."

"இஞ்சை தின்னாட்டியும் கொட்டும்தானே அம்மா."

"இந்த வாயோடை உன்னை ஆர் கட்டப்போறான் எண்டு பாப்பம்," என்பார்.

அந்த வாய்தான் என்னை வானிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நினைக்கிறேன். அம்மாவை எப்படியாவது பொய்ப்பிக்கவேண்டும். பள்ளிக்கூடம் முடிந்து மற்றப் பிள்ளைகள் வங்கியிலும் பல்வைத்தியரிடமும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி தேடி அலைந்தபோது, நான் ஒரு வானிலை நிலையத்தில் மேகம் பார்க்கப் பழகப் போனேன். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு அது பெரிய அதிசயம். "மேகம் பாக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களே?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் நான் சோதனை பாஸ் பண்ணி, அதே கரையில் ஒரு நிலையத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். மேகம், காற்று, அமுக்கம், எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்பதெல்லாம் மணிக்கு மணி பார்த்துச் சொல்லும் வேலை. பகல் முறையும் உண்டு, இரவு முறையும் உண்டு. இந்த இரவு முறை பின்னால் கதைக்குள் வரும்.

அங்கேதான் எனக்கு அந்தச் சின்னப் புயல்களில் பைத்தியம் பிடித்தது. ஜேர்மன்காரர் அதைப் போலார்டீஃப் என்பார்கள். தமிழில் துருவத் தாழமுக்கம் என்று சொல்லலாம். சொன்னால் ஏதோ பாடப்புத்தகம் போல இருக்கும். என்னைப் பொறுத்தவரை அது சின்னப் புயல், அவ்வளவுதான். பெரிய புயல்கள் அத்திலாந்திக்கில் இருந்து நாள்கணக்காக அறிவித்துக்கொண்டு ஊர்வலமாக வரும். இது அப்படியல்ல. வடக்கே ஒரு மூலையில் பிறக்கும், ஓடிவந்து நாலு பேரின் குடையைப் பிடுங்கும், மறுநாள் இருந்த இடம் தெரியாது. அதனால் எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று.

என்னைக் கட்டப்போகிறவருக்கும் அதைத்தான் முதலில் விளக்கினேன். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். அவர் தெற்கே நாலு மணித்தியாலத் தூரத்தில், எசன் நகரில் ட்ராம் ஓட்டுபவர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். முதல் வாரம் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இல்லை. "அங்கை என்ன மாதிரி, மழையோ?" என்று அவர் கேட்டார். வேறு ஒருத்தியாக இருந்தால் ஓம் அல்லது இல்லை என்றிருப்பாள். நான் எங்கள் மழையை விட்டுவிட்டு, எசனில் நாளைக்கு எத்தனை மணிக்குத் தூறும் என்று சொன்னேன். மறுநாள் வேலை முடியத் தொலைபேசி எடுத்தார். "நீர் சொன்ன மாதிரியே தூறினது," என்றார். குரலில் மரியாதை ஏறியிருந்தது.

ட்ராம் ஓட்டுபவருக்கு நேரம்தான் கடவுள். ஒரு நிமிடம் முந்தியும் போகக்கூடாது, பிந்தியும் போகக்கூடாது. ஆகையால் நான் எசனுக்கு மழை சொல்வதும், அவர் தரிப்பிடத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எனக்குப் புள்ளி போடுவதும் எங்கள் காதலாயிற்று. மற்றவர்கள் பாட்டு அனுப்பினார்கள். நான் பனிமூட்டம் அனுப்பினேன்.

ஒருநாள் சின்னப் புயலைப் பற்றிச் சொன்னபோது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"புயல் எண்டால் சூட்டுக் கடலிலையெல்லோ வரும்? எங்கடை பக்கம் கார்த்திகையிலை வாற மாதிரி. உந்தக் குளிருக்குள்ளை எப்பிடி வரும்?"

"குளிருக்குள்ளைதான் வரும். நீங்கள் விடியவெள்ளன ட்ராம் கதவைத் திறக்க என்ன நடக்குது?"

"சனம் ஏறும்."

"அதுக்கு முதல்."

யோசித்தார். "குளிர் உள்ளுக்கை வரும். கண்ணாடியெல்லாம் புகார் பிடிச்சு வெளி தெரியாது."

அதைப் பிடித்துக்கொண்டேன். வடதுருவத்துப் பனிக்கட்டிக்கு மேல் மாரிகாலம் முழுக்கக் காற்றுக் கிடந்து குளிர்ந்து குளிர்ந்து இறுகும். ஒருநாள் காற்று வடக்கிலிருந்து திரும்பும். அந்தக் குளிர் முழுவதும் பனிக்கட்டியின் விளிம்பைத் தாண்டித் திறந்த கடலுக்கு மேல் ஊற்றும். அந்தக் கடலில் நீங்களோ நானோ காலை வைத்தால் விறைத்துப்போவோம். ஆனால் மேலே வருகிற காற்றுக்கு அது அடுப்பு. கீழே சூடும் ஈரமும் ஏற ஏறக் காற்றுக் கொதிக்கத் தொடங்கும். பல்கணிக் கதவைத் திறந்துவிட்டு மாரியில் சோறு வடித்தால் பானை எப்படிப் புகைக்கிறது? அப்படி மேகம் கிளம்பும். மேகத்துக்குள் ஈரம் பனியாக மாறும்போது இன்னும் சூடு வெளிவரும், அந்தச் சூட்டில் மேகம் இன்னும் ஏறும். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு சின்னச் சுழல் இருந்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் சேர்த்துத் திரித்துவிடும். நடுவில் சிலவேளை ஒரு ஓட்டையும் விழும், அதற்குள் வானம் நீலமாகத் தெரியும். கரையேறினால் காலுக்குக் கீழே அடுப்பு இல்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகும்.

"அப்ப கடலின்ரை சூடு முக்கியமில்லை," என்றார் மெதுவாக. "வித்தியாசம்தான் முக்கியம்."

அன்றைக்கே நான் அவரைக் கட்டத் தீர்மானித்துவிட்டேன். கலியாணம் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது, அது வேறு விஷயம்.

இனி நாள். மாப்பிள்ளை வீட்டார் எசனில் வைக்கத்தான் ஆசைப்பட்டார்கள், சனமெல்லாம் அங்கேதான். ஆனால் எங்களுக்குப் பொருந்தி வந்த நாள் தை மாதக் கடைசியில் விழுந்தது. தை மாதக் கடைசி என்றால் எசன், டுசல்டோர்ஃப் பக்கமெல்லாம் கார்னிவல். மூக்கில் சிவப்புப் பந்து மாட்டின மனிதர்கள் எல்லா மண்டபங்களையும் ஒரு வருடத்துக்கு முன்னமே பிடித்துவைத்திருந்தார்கள். அந்த நாளை விட்டால் அடுத்தது வைகாசியில்தான் என்றார் ஐயர். எங்கள் கரையில் கார்னிவலும் இல்லை, மாரியில் கலியாணம் செய்யும் விசரரும் இல்லை. உடற்பயிற்சிக் கழகம் ஒன்றின் மண்டபம் சும்மா கிடந்தது. அதை எடுத்தோம்.

மாப்பிள்ளையின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவவுக்கு என்னையே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இரவிலை வேலைக்குப் போற பொம்பிளை" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாராம். அது சுற்றிச் சுழன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் கூறைச்சீலையும் தாலியும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அந்தத் தட்டைத் தூக்கிவரப்போவது அக்கா. ஆகவே என் வாழ்க்கை முழுவதும் அந்த மனுசியின் கையில் எசனில் இருந்து வரவேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எங்கள் ஆட்கள் சொல்லும் நேரம் எதுவும் உண்மையான நேரம் அல்ல. எட்டு மணிக்கு வாருங்கள் என்றால் பத்துக்கு வருவார்கள் என்பது கூப்பிடுகிறவருக்குத் தெரியும், அதனால் எட்டு என்பார். பத்துக்குத்தான் தொடங்கும் என்பது கூப்பிடப்பட்டவருக்குத் தெரியும், அதனால் பதினொன்றுக்கு வருவார். இதில் யாருக்கும் யாரிலும் கோபமில்லை. ஒரேயொரு நேரத்தில்தான் எவரும் கை வைப்பதில்லை. அது முகூர்த்தம். எங்கள் கலியாணக் கார்டில் அது ஒன்பதரையில் இருந்து பதினொரு மணிவரை என்று பொன் எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை பகுதியை எட்டுக்கு வந்துவிடும்படி அப்பா கேட்டிருந்தார். அவர்களோ பத்துக்கு வந்தாலும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதே என்று தங்கள் பாட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வேலையிடத்துக்கு ஒரு பெட்டி பலகாரம் கொண்டுபோனேன். என்னோடு வேலை செய்த ஜேர்மன் அம்மா ஒருவர், அதிகம் கதைக்காதவர், பயற்றம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே செய்மதி மேலிருந்து எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார். நோர்வேக்குப் பக்கத்துக் கடலில், வெள்ளைக் கோடு கோடாகக் கிடந்த குளிர் மேகங்களுக்கு நடுவில், ஒரு சின்னச் சுருள்.

"உன் கலியாணத்துக்கு வடக்கிலிருந்தும் ஒருவர் வருகிறார்," என்றார்.

கணினி வரைந்த படத்தில் அது இல்லவே இல்லை. அந்த நாளைய கணினிகளின் வலைக்குக் கண் பெரிது. இந்தப் புயல் நெத்தலி அளவு, நழுவிவிடும். நாங்கள் இருவரும் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். காலை ஒன்பதுக்குக் கொஞ்சம் பிந்திக் கரையைத் தொடும். ஆற்றோடு தெற்கே இறங்கும். பிறேமனுக்கும் எங்கள் ஊருக்கும் இடையிலான ஓட்டோபான் நெடுஞ்சாலையைப் பனியால் மூடும். மத்தியானத்துக்கு முன் செத்துப்போகும். மாப்பிள்ளையின் பஸ் எட்டு மணிக்கு முன் பிறேமனைத் தாண்டிவிட்டால் பிரச்சினையில்லை. அவர்கள் பத்து மணிக் கணக்கில் வந்தால் நேரே அதன் வாய்க்குள்தான் போவார்கள்.

உடனே அவருக்குச் சொல்லவேண்டும். ஆனால் அவருடைய இலக்கத்தோடு என் கைத்தொலைபேசி அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணம்வரை ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. பார்க்கத்தானே கூடாது, கதைக்கலாமே என்று நான் வாதாடிப் பார்த்திருந்தேன். "பாக்கக் கூடாதெண்டால் கதைக்கவும் கூடாது," என்று அம்மா தீர்ப்புச் சொல்லிப் பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து, "நாளைக்குப் பனிப்புயல் வரப்போகுது," என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அது இருவது வரியமாத் தெரியும்," என்றார். "திண்டது ஆர்?"

அப்பாதான் கொஞ்சம் பயந்தார். எசனுக்கு எடுத்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கலியாணத்துக்கு முதல்நாள் புயல் என்ற சொல்லை வாயில் எடுப்பது அபசகுனமாம். அதனால் அவர் புயலைப் பற்றி மூச்சே விடவில்லை. "ஒரு மணித்தியாலம் முந்தி வந்தியளெண்டால் நல்லம், ஏழுக்கு வாங்கோ," என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் அக்கா. "ஓம் ஓம், வாறம், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றார். வைத்துவிட்டு அங்கே என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது. "பொம்பிளை பகுதி பயப்பிடுது. பத்துக்குத்தான் நிப்பம்."

கலியாண நாள் காலை. மண்டபத்துக்குப் பக்கத்தில் உடுப்பு மாற்றும் அறை ஒன்றில், நகையும் பூவுமாக, அசைய ஏலாமல் என்னைக் கதிரையில் வைத்திருந்தார்கள். யன்னலுக்கு வெளியே கடற்கரைத் தடுப்பணை. எட்டு மணிக்கு வானம் கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. மாப்பிள்ளை பகுதி வரவில்லை. ஒன்பது மணிக்கு வடமேற்கில் ஒரு சுவர் எழும்பியது.

அழகென்றால் அப்படி ஒரு அழகு. மேகத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் வளைந்து வந்தது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி, பிறகு பனி, நான் பென்சிலால் கீறின அதே ஒழுங்கில். தடுப்பணை காணாமற் போயிற்று, வாகனத் தரிப்பிடம் காணாமற் போயிற்று. பத்து நிமிடம் என் கணக்குப் பிந்தியிருந்தது, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகச் சிறந்த வானிலை அது. எழும்பித் துள்ளவேண்டும் போல இருந்தது. அடுத்த கணமே, அந்த மனுசன் அதற்குள் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

பத்து மணி. பத்தேகால். முன்னுக்கே வந்துவிட்ட சனம் மண்டபத்தில் வடையும் தேத்தண்ணியுமாக முழித்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் எடுக்க ஒன்றும் இல்லாமல் பனியை எடுத்தார். ஐயர் மட்டும் ஒரு பதற்றமும் இல்லாமல் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவின் தொலைபேசி அடித்தது. பஸ் பிறேமனைத் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் நிற்கிறது. முன்னால் லொறிகள் குறுக்கே கிடக்கின்றன, சாரதி அசைய மாட்டேன் என்கிறார். அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "பதினொண்டோடை நேரம் முடியுது. நேரம் தப்பின கூறையைக் கொண்டுவந்து என்ன செய்யிறது? நாங்கள் திரும்பப்போறம். பிறகு கதைப்பம்."

பிறகு கதைப்பம் என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாதி வழியில் திரும்பிப்போன கூறை மறுபடி வராது. வைகாசி வருமுன் எசனில் இரவு வேலை செய்யாத பெண்கள் பத்துப் பேரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அம்மா என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. கைப்பையின் சிப்பை இழுத்து என் தொலைபேசியை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, உது எப்ப விடும்?"

என் வாழ்நாளில் அம்மா என்னிடம் வானிலை கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு நேரமென்றால் ஒரு மாதத்துக்குப் பகிடி பண்ணியிருப்பேன். தொலைபேசியை வாங்கினேன்.

முதலில் வேலையிடத்துக்கு எடுத்தேன். ஜேர்மன் அம்மாதான் முறையில் இருந்தார். கரையேறினதும் சாகத் தொடங்கிவிட்டது என்றார். நடு ஓட்டை இப்போது உங்கள் தலைக்கு மேல் வரும், பிறகு பிறேமன் வீதிக்கு வரும், அதற்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் சொல்லி முடிக்கமுன் எங்கள் யன்னலில் பனி மெலிந்தது. ஒரு கடற்புறா தடுப்பணையில் வந்து குந்தியது.

பிறகு மாப்பிள்ளைக்கு எடுத்தேன். பொன்னுருக்கிய பிறகு முதல் பேச்சு.

"நீர் சொல்லும்," என்றார். பின்னால் முழு பஸ்ஸும் கத்திக்கொண்டிருந்தது. "எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம். அதுக்குப் பிறகு வெயில். திரும்பாதேங்கோ."

"அரை மணித்தியாலம் நிண்டு வெளிக்கிட்டால் பதினொண்டு தாண்டிப்போகுமே."

வானத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வேன். பஞ்சாங்கத்தில் என் படிப்புச் செல்லாது. தொலைபேசியைக் காதில் வைத்தபடி, மையெல்லாம் கரைய, அழுதேன். அப்போதுதான் அப்பா தொண்டையைச் செருமினார்.

"முகூர்த்தம் பதினொண்டுக்கு முடியாது," என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"பதினொண்டுக்குத்தான் துடங்குது. பன்னிரண்டரை மட்டும் இருக்கு." வேட்டித் தலைப்பைத் திருகினார். "எசன் ஆக்கள் எப்பிடியும் பிந்துவினம் எண்டு கார்டிலை கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டனான். ஐயருக்குத் தெரியும்."

"நல்ல நேரத்திலையுமோ பொய்!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். "விசரே உங்களுக்கு? ஆரும் முகூர்த்தத்திலை கை வைப்பினமோ?"

வாசலில் நின்ற ஐயர், வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று தேடுவதுபோல் மெல்ல நகர்ந்தார்.

நான் தொலைபேசிக்குள் கத்தினேன். "பன்னிரண்டரை மட்டும் இருக்காம்! அப்பா பொய் சொன்னவர்! நில்லுங்கோ!"

பஸ்ஸுக்குள் நடந்ததை அவர் பிறகு சொன்னார். அக்கா நம்பவில்லை. இது இன்னொரு தந்திரம், பெண் வீட்டார் இப்போது நேரத்தைப் பின்னுக்கு இழுக்கிறார்கள் என்றாராம். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. நேரத்தில் அத்தனை பொய்கள் சொல்லியிருக்கிறோம், ஒரு உண்மையை யார் நம்புவார்கள்? அப்போது மாப்பிள்ளை, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, பஸ்ஸின் வாசல்படியில் போய்க் குறுக்கே இருந்துவிட்டாராம்.

"அவவின்ரை தேப்பன் சொல்லுற நேரம் எனக்குத் தெரியாது," என்றாராம். "ஆனால் அவ சொல்லுற மழை ஒரு நாளும் பிழைச்சதில்லை. அரை மணித்தியாலம் எண்டு சொன்னவ. அரை மணித்தியாலம் நிப்பம்."

மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாராம். இருபத்தாறாவது நிமிடத்தில் வெயில் அடித்தது. நாலு நிமிடம் முந்தி வந்துவிட்டது என்று இன்றைக்கும் குறை சொல்வார். உப்புத் தூவும் வண்டி ஒன்று லொறிகளை விலக்கிக்கொண்டு வர, எங்கள் கலியாண பஸ் அதன் வாலைப் பிடித்தபடி ஊருக்குள் நுழைந்தது. ஆரஞ்சு விளக்குச் சுழல முன்னால் உப்பு வண்டி, பின்னால் மாப்பிள்ளை. வீடியோவில் அதுதான் ஆக நல்ல காட்சி.

கூறை மாற்ற அக்கா என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவவின் கைகள் ஐஸ்கட்டியாக இருந்தன. கூறையின் கொய்யகத்தை மடித்து ஊசி குத்திவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"நாளையிண்டைக்கு எசனிலை என்ன மாதிரி? உடுப்புக் காயப்போட ஏலுமோ?"

"பின்னேரம் மட்டும் ஏலும், மச்சாள்," என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவ என் இரவு வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. உடுப்புக் காயப்போடும் ஒவ்வொரு நாளும் எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

தாலி ஏறும்போது பன்னிரண்டே கால். அவருடைய தலைப்பாகையில் இருந்த பனி உருகி என் கழுத்தில் சொட்டியது. "வித்தியாசம்தான் முக்கியம்," என்று காதுக்குள் சொன்னார். சிரிப்பை அடக்க ஏலாமல் நான் குனிந்தேன். சனம் நான் வெட்கப்படுவதாக நினைத்தது.

பின்னேரம், எல்லோரும் போனபின், அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், எல்லாம் நான் சொன்னபடிதானே நடந்தது? குளிர் காற்றும் கடலும்தானே காரணம்? தேங்காய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அம்மா நிதானமாக யோசித்தார். "நீ சொல்லுறது சரிதான்," என்றார். "நான் கையைத் தட்டித் தட்டி விட்டதாலை நீ கொஞ்சமாத்தான் திண்டனி. அதுதான் சின்னப் புயல்."

மறுநாள் காலை நாங்கள் எசனுக்குப் புறப்படவேண்டும். அங்கே வேறொரு நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கடல் இல்லாத ஊர். விடியப் பெட்டி கட்டிவிட்டுக் குசினிக்குள் போனேன். அம்மா திருவலையில் இருந்து சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் என் கை நீண்டது. பழக்கத்தில் அவர் கையும் எழும்பியது, பாதியில் நின்றது. பிறகு கிண்ணத்தை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தின். இனி உனக்கென்ன, கலியாணம் முடிஞ்சுது."

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். அம்மாவை விட்டுப் போகிறேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையில்லாமல் அடுத்த பாதித் தேங்காயை எடுத்தார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?" என்று கேட்டார்.

"பத்துக்கு," என்றேன்.

பத்து அடிக்க என் மாப்பிள்ளை கோட்டும் சப்பாத்தும் போட்டு, இரண்டு கையிலும் பெட்டியோடு வாசலில் நின்றார். ட்ராம்காரர் அல்லவா. குசினிக்குள் அம்மா அப்போதுதான் மத்தியானச் சோற்றுக்கு, நாலு பேருக்கு அளந்து, அரிசி களைய ஆரம்பித்திருந்தார்.

"கோட்டைக் கழட்டுங்கோ," என்றேன் அவரிடம்.